யு-போட் வேட்டைக்காரர் ஜானி வாக்கர்: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

ரெண்டாம் உலகப்போர்ல அட்லாண்டிக்ல யு-போட்னு சொல்ற ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடித்தேடி மூழ்கடிச்ச பிரிட்டிஷ் நேவி கேப்டன் வாக்கர் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிஞ்சிடுச்சு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துப் பதில் போடுறேன்.

கேள்வி: ப்ரோ, ஜானி வாக்கர்னா சரக்கு பேருதானே? உண்மையான பேரே அதுதானா?

இல்லங்க, பேரு பிரெடரிக் ஜான் வாக்கர். சரக்கு பேரை வச்சு நேவில கூட இருந்தவங்க ஒட்டிவிட்ட பேருதான் ஜானி. 1896 ஜூன் 3, பிளிமத்ல பிறந்தார். 13 வயசுலயே ஆஸ்போர்ன் நேவல் காலேஜ், அப்புறம் டார்ட்மத். முதல் உலகப்போர்ல ஏஜாக்ஸ்ங்கற போர்க்கப்பல், பிறகு சின்ன டிஸ்ட்ராயர்கள். அந்தக் காலகட்டத்துல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.

கேள்வி: ப்ரமோஷன் கொடுக்காம ஒதுக்கி வச்ச ஆளுன்னு படிச்சேன், நிஜமா சார்?

நிஜம்தான். அந்தக் காலத்து ராயல் நேவில மவுசு எல்லாம் பெரிய பீரங்கி வச்ச போர்க்கப்பலுக்குத்தான். பெரிய ஆளா வரணும்னா கன்னரி பக்கம் போகணும், ஆனா இவரு நீர்மூழ்கி எதிர்ப்புன்னு யாரும் திரும்பிப் பாக்காத ஒரு துறையை எடுத்து, போர்ட்லண்ட்ல இருந்த ஆஸ்ப்ரேங்கற ட்ரெய்னிங் மையத்துல போய் உக்காந்துட்டார். நடுவுல வேலியன்ட்ங்கற போர்க்கப்பல்ல செகண்ட் இன் கமாண்டா இருந்தப்ப கேப்டனோட ஒத்துப்போகல. கமாண்டர் ரேங்க்ல இருந்து கேப்டனுக்குப் போக வேண்டிய நேரத்துல இவர் பேரைத் தாண்டிப் போயிட்டாங்க. 1939ல போர் ஆரம்பிக்கும்போது ரிட்டயர்மென்ட்டைப் பாத்துட்டு இருந்த ஆளு இவரு. போர் வந்தும் உடனே கப்பல் கொடுக்கல, டோவர்ல அட்மிரல் ராம்சேகிட்ட ஸ்டாஃப் வேலை. பிரான்ஸ்ல டன்கர்க்ங்கற இடத்துல மாட்டின படையை மீட்ட வேலையில இவரும் இருந்தார். 1941 அக்டோபர்லதான் ஸ்டார்க்ங்கற ஸ்லூப்பும் 36வது எஸ்கார்ட் குரூப்பும் கைக்கு வந்துச்சு. ஸ்லூப்னா கான்வாய்க்கு, அதாவது கூட்டமாப் போற சரக்குக் கப்பல்களுக்கு, காவல் போற சின்ன போர்க்கப்பல்.

கேள்வி: அவரோட முதல் பெரிய சண்டை எது? டீடெய்லா சொல்லுங்க அண்ணா.

கான்வாய் எச்ஜி 76. 1941 டிசம்பர் 14, ஜிப்ரால்டர்ல இருந்து 32 சரக்குக் கப்பலோட இங்கிலாந்துக்குக் கிளம்புது, வழி பூரா யு-போட் கூட்டம். சாதாரணமா எஸ்கார்ட் கப்பல்னா கான்வாயை ஒட்டியே சுத்திட்டு இருக்கும், வாக்கர் அப்படி இல்ல, யு-போட் எங்கயாவது தென்பட்டா போதும், கப்பல்களை அனுப்பித் தொரத்தித் தொரத்தி அடிக்கணும்னு கிளம்பும் முன்னாடியே தன் கேப்டன்களுக்கு எழுதிக் கொடுத்துட்டார், என்னோட ஆர்டருக்காக யாரும் காத்திருக்க வேண்டாம்னும் சொல்லிட்டார்.

டிசம்பர் 19 விடியறதுக்கு முன்னாடி யு-574 வந்து ஸ்டான்லிங்கற டிஸ்ட்ராயரை டார்பிடோ போட்டு வெடிக்க வச்சிடுச்சு. ஸ்டார்க் பாஞ்சு போய் டெப்த் சார்ஜ் (தண்ணிக்குள்ள குறிப்பிட்ட ஆழத்துல வெடிக்கிற டிரம்) போட, யு-போட் கொஞ்ச தூரத்துலயே மேல வந்துடுச்சு. அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. ரெண்டும் வட்டம் அடிக்குது, ஏறக்குறைய 11 நிமிஷம். யு-போட் ரொம்பக் கிட்டக்க இருந்ததால ஸ்டார்க்கோட பீரங்கியை அவ்வளவு கீழ இறக்கிச் சுட முடியல, கன் க்ரூ வேற வழியில்லாம ஜெர்மன்காரங்களைப் பாத்து முஷ்டியை ஆட்டிக் கெட்ட வார்த்தையில திட்டிட்டு இருந்தாங்கன்னு வாக்கரே ரிப்போர்ட்ல எழுதியிருக்கார். கடைசில நேரா மோதி, மேல ஏறிப் போய், பின்னாடியே டெப்த் சார்ஜும் போட்டு முடிச்சாங்க. ஸ்டார்க்கோட மூக்கும் நசுங்கிடுச்சு.

21 ராத்திரி தான் பெரிய அடி. கூட வந்த ஆடாசிட்டி, பிரிட்டனோட முதல் எஸ்கார்ட் கேரியர் (கான்வாய்க்குக் காவல் போற சின்ன விமானந்தாங்கிக் கப்பல்), ராத்திரில கான்வாயை விட்டு விலகித் தனியாப் போச்சு. வாக்கருக்கு அதுல முழு சம்மதம் இல்ல, ஆனா அந்தக் கேரியரோட கேப்டன் இவரைவிட சீனியர். கான்வாய்ல ஒரு சரக்குக் கப்பல் வெளிச்ச ராக்கெட் விட்டுட்டாங்க, அந்த வெளிச்சத்துல கேரியர் தெளிவாத் தெரிய, யு-751 அடிச்சு மூழ்கடிச்சிடுச்சு. அதே ராத்திரி என்ட்ராஸ்ங்கற ஜெர்மனியோட பேர்போன கேப்டன் யு-567ஓட மொத்தமாப் போனார். கணக்குப் பாத்தா சரக்குக் கப்பல் ரெண்டே ரெண்டுதான் போச்சு, ஜெர்மனிக்கு அஞ்சு யு-போட் காலி, அதுல நாலு வாக்கரோட எஸ்கார்ட் ஆளுங்க அடிச்சது. ஒதுக்கி வச்ச ஆளுக்கு டிஎஸ்ஓ விருது, 1942 ஜூன்ல கேப்டன் ரேங்க்.

கேள்வி: அவர் டெக்னிக் எல்லாமே சக்சஸ்தானா?

இல்ல. பட்டர்கப்னு ஒரு திட்டம் வச்சிருந்தார், மனைவியைச் செல்லமாக் கூப்பிடுற பேரு அது. கப்பல் அடிபட்டதும் எல்லா எஸ்கார்ட்டும் ஒரே நேரத்துல கான்வாய்க்கு வெளிப்பக்கமா வெளிச்சம் போட்டு டெப்த் சார்ஜ் வீசணும். 1942ல லிவர்பூல்ல கில்பர்ட் ராபர்ட்ஸ்ங்கற அதிகாரியும் நேவில சேர்ந்த இளம்பெண்கள் சிலரும் தரையில சாக்பீஸ் கோடு போட்டு, பொம்மைக் கப்பலை நகர்த்தி கணக்குப் பாத்தாங்க, அதுல யு-போட் கான்வாய் வரிசைகளுக்கு உள்ளயே புகுந்து அடிக்குதுன்னு புரிஞ்சுது, வெளிப்பக்கம் தேடினா கிடைக்காது. அதுக்கு ராஸ்பெரின்னு வேற ஒரு திட்டம் போட்டாங்க. இந்தப் பொண்ணுங்க கதையைத் தனியாவே எழுதலாம்.

கேள்வி: க்ரீப்பிங் அட்டாக்னா என்ன? எளிமையா சொல்லுங்க.

தண்ணிக்குள்ள ஒலியை அனுப்பி, திரும்பி வர எதிரொலியை வச்சு நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கிற கருவியை அப்போ ஆஸ்டிக்னு சொல்வாங்க, இப்போ சோனார். அதுல ஒரு ஓட்டை இருந்துச்சு: யு-போட்டுக்கு ரொம்பக் கிட்டக்க போனா எதிரொலி காணாமப் போயிடும். அதுக்கு மேல, கப்பல் வேகமா வர சத்தம் யு-போட் கேப்டனுக்குக் கேக்கும், குண்டு ஆழத்துக்கு இறங்க நேரம் ஆகும், அதுக்குள்ள அவன் திரும்பி நழுவிடுவான்.

வாக்கர் என்ன பண்ணார்னா, ஒரு கப்பலைத் தூரத்துல நிறுத்தி ஆஸ்டிக்ல விடாமப் பிடிச்சுக்கிட்டே இருக்கச் சொன்னார். இன்னொரு கப்பல் ஆஸ்டிக்கை ஆஃப் பண்ணிட்டு 5 நாட் (மணிக்கு 9 கி.மீ. வாக்குல) வேகத்துல சத்தமில்லாம யு-போட்டுக்கு நேர் மேல ஊர்ந்து போகும். தூரத்துக் கப்பல் "இப்போ போடு"ன்னு சிக்னல் கொடுத்ததும் இருபதுக்கு மேல டெப்த் சார்ஜை வரிசையாக் கொட்டிட்டுப் போயிடும். கண்ணைக் கட்டினவன் கையில பானையை உடைக்கிற குச்சி, பக்கத்துல நிக்கிறவன் வாயில வழி, அவ்வளவுதான். கீழ இருக்கறவங்களுக்குக் குண்டு வெடிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ரெண்டு கேப்டன்கள் ஒருத்தரை ஒருத்தர் முழுசா நம்பினாத்தான் இது நடக்கும், அதனாலதான் இதைத் தனி மனுஷ வீரம்னு சொல்லும்போது எனக்கு உறுத்தும்.

கேள்வி: ஒரே ட்ரிப்ல ஆறு யு-போட்டாமே?

ஆமா. 1943ல ஸ்டார்லிங் கப்பலும் 2வது சப்போர்ட் குரூப்பும் கொடுத்தாங்க. இந்தக் குரூப்புக்குக் கான்வாயோட ஒட்டிக்கிட்டே இருக்கணும்னு கட்டாயம் இல்ல, எங்க பிரச்சினையோ அங்க ஓடலாம். கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஸ்பீக்கர்ல வேட்டைப் பாட்டு ஒண்ணு அலறும். 1944 ஜனவரி 31ல இருந்து பிப்ரவரி 19க்குள்ள ஆறு யு-போட், அதுல நாலு, நாலே நாள்ல போச்சு. கடைசி யு-264, ஸ்னோர்கல் (தண்ணிக்குள்ள இருந்தபடியே மேல இருந்து காத்து இழுக்கிற குழாய்) மாட்டினது. ஆறாவதுக்கு மறுநாள் குரூப்ல இருந்த வுட்பெக்கர் டார்பிடோ வாங்கி, இழுத்துட்டு வரும்போது மூழ்கிடுச்சு. பிப்ரவரி 25 லிவர்பூல் கிளாட்ஸ்டன் டாக்ல கூட்டம் அலைமோதுச்சு.

கேள்வி: ஜெர்மன் வீரர்கள் செத்ததைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறீங்களே?

நியாயமான கேள்வி. அந்த ஆறுல யு-264 ஆளுங்க 52 பேரும் உயிரோட மீட்கப்பட்டாங்க. மத்த அஞ்சுல ஒருத்தர் கூட மிஞ்சல. ஒவ்வொரு போட்லயும் அம்பது பேர் வாக்குல இருப்பாங்க, நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. அவரோட வீட்டுலயும் அந்தக் கடல் கணக்குத் தீர்த்துச்சு: மகன் டிமதி பார்த்தியன்ங்கற பிரிட்டிஷ் நீர்மூழ்கில இருந்தார், 1943 ஆகஸ்ட்ல மெடிட்டரேனியன்ல அது திரும்பியே வரல. அப்பா நீர்மூழ்கி வேட்டை, மகன் நீர்மூழ்கியில சாவு.

கேள்வி: சண்டையில செத்தாரா?

இல்ல, ஓய்வில்லாமச் செத்தார்னு தான் சொல்வேன். 1944 ஜூன்ல நார்மண்டி படையிறக்கத்துக்குக் காவலா ரெண்டு வாரம் தூங்காம கொள்ளாம யு-போட்டை மறிச்சார். ஜூலை 9, லிவர்பூல் பக்கத்துல சீஃபோர்த் நேவல் ஆஸ்பத்திரியில மூளையில ரத்தக்குழாய் அடைச்சு இறந்துட்டார், வயசு 48. இறுதிச் சடங்கு நடந்தப்ப அவரோட ஸ்டார்லிங் கடல்ல டியூட்டில இருந்துச்சு, அதனால ஹெஸ்பரஸ்ங்கற டிஸ்ட்ராயர்தான் அவரைக் கொண்டுபோய் லிவர்பூல் விரிகுடால கடலடக்கம் பண்ணுச்சு. லிவர்பூல் பியர் ஹெட்ல 1998ல அவருக்குச் சிலை வச்சாங்க.

கேள்வி: இதுல இந்தியா சம்பந்தம் ஏதாவது உண்டா?

வாக்கருக்கு நேரடியா இல்ல, கப்பலுக்கு உண்டு. ஸ்டார்லிங் பிளாக் ஸ்வான் வகை. அதே குடும்பத்துக் கப்பல்களை அப்போதைய ராயல் இந்தியன் நேவியும் வச்சிருந்துச்சு, ஆத்துப் பேரா வச்சாங்க: ஜமுனா, சட்லெஜ், கிஸ்த்னா, காவேரி. சுதந்திரத்துக்கு அப்புறமும் இந்த நாலும் இந்தியக் கடற்படையில ஓடுச்சு. ஸ்டார்லிங்கைத்தான் 1965ல உடைச்சுப் பழைய இரும்பாக்கிட்டாங்க.