த்ராட்டிலை விட்டாலும் பான்ஷீயின் வேகம் இறங்கவில்லை என்றால்

உங்கள் யமஹா பான்ஷீயில் (நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டி) த்ராட்டிலை, அதாவது வேகம் கூட்டும் நெம்பை, விட்ட பின்னும் எஞ்சின் வேகம் இறங்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) திருகுகளைத் தொடாமல், எஞ்சினில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று சோதியுங்கள். அதுவரை வண்டியை ஓட்ட வேண்டாம். த்ராட்டிலை விட்ட பின்னும் எஞ்சின் சுழற்சி உயரத்திலேயே நிற்பதாக நீங்கள் எழுதியிருப்பது, வேண்டாத காற்று நுழைந்து கலவை மெலிந்துவிட்டதன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் போனதன், வழக்கமான அடையாளம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலந்துதான் எண்ணெயும் உள்ளே போகிறது என்பதால், இந்த 347 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் அது பிஸ்டன் இறுகுவதில் முடியலாம்.

பழைய யமஹா பான்ஷீயில் நான் முதலில் சந்தேகிப்பது, கார்புரேட்டர்களை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் பூட்களையும் அவற்றுக்கு இடையே ஓடும் சிறு குழாயையும்தான். அடுத்தது, ஸ்டேட்டர் (மின்சாரம் உண்டாக்கும் பாகம்) பக்கத்து கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் வளையம்.

உள்வாய்களையும் எக்ஸாஸ்ட் வாய்களையும் அடைத்து, சுமார் 6 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காற்றழுத்தம் கொடுத்து, சில நிமிடங்கள் அது இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் சோப்பு நீர் தடவிப் பாருங்கள்; கசியும் இடத்தில் குமிழி வரும். அளவை மீறி அழுத்தினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

கிளட்ச் பக்கத்து சீல் கசிந்தால் குமிழி வெளியே தெரியாது; கியர் எண்ணெய் குறைவதும் புகை கூடுவதும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மட்டும் வேகம் ஏறினால், குற்றவாளி த்ராட்டில் கேபிள்.