மான்கள் கண்ணில் படாதது ஏன்?
இரண்டு மணி நேரம் குன்றில் அலைந்தும் ஒரு மான்கூடத் தென்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஏறத் தொடங்கும் ஒன்பது மணிதான் சிக்கல் என்று நினைக்கிறேன். வெயில் பட்டதும் சரிவின் காற்று சூடாகி மேல்நோக்கி வீசும். உங்கள் வாடை உங்களுக்கு முன்பே உச்சிக்குப் போய்விடும். மானுக்கு அது போதாதா? இரவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். விடியலிலும் அது தொடரும். ஆகவே வெயில் சரிவைத் தொடும் முன்பே ஏறுங்கள். புல்வெளியும் மரங்களும் சேரும் ஓரத்தில் இருபது நிமிடம் அசையாமல் உட்காருங்கள். (எனக்கு இதுதான் கடினம்; கால் சும்மா இருக்காது.) முதலில் பறவைகள் திரும்பும். குளம்புத் தடமும் ஈரம் காயாத புழுக்கையும் கிடந்தால் இடம் சரிதான். உச்சி விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள். வெளுத்த வானத்தின் முன் உங்கள் உருவம் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும்.