அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எழுதியதற்கு மெமோ கொடுக்கலாமா?

கேள்வி: மத்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். ஊழியர்கள் மட்டும் உள்ள வாட்ஸ்அப் குழுவில், இடமாறுதலில் பாரபட்சம் நடக்கிறது என்றும், 'மேலாளருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் கேட்ட ஊர் கிடைக்கும்' என்றும் எழுதினேன். யாரோ ஸ்கிரீன்ஷாட்டை மேலிடத்தில் கொடுத்துவிட்டார். இப்போது குற்றச்சாட்டு மெமோ வந்திருக்கிறது. நான் எழுதவே இல்லை என்று சொல்லிவிடலாமா? பத்திரிகைக்குப் போகலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் மறுத்தபின் குழுவில் உள்ள ஒருவர் சாட்சி சொன்னால், பொய் சொன்ன பழியும் சேர்ந்துகொள்ளும்.

உங்களுக்குச் சாதகமான தீர்ப்பு ஒன்று உண்டு. வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகத்தை விமர்சித்த தமிழ்நாடு கிராம வங்கி ஊழியருக்குக் கொடுத்த மெமோவை, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் 2023இல் ரத்து செய்தார். உறுப்பினர்கள் மட்டுமே பார்க்கும் குழுவில் மனக்குமுறலைக் கொட்ட ஊழியருக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். ஆனாலும் மெமோவை ரத்து செய்யக் கேட்டு உடனே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட ஓடாதீர்கள். மெமோ கட்டத்திலேயே நீதிமன்றம் தலையிடுவது அரிது.

எனக்கு உறுத்துவது உங்கள் இரண்டாவது வாக்கியம்தான். பாரபட்சம் என்பது கருத்து. மற்றது லஞ்சக் குற்றச்சாட்டு. ஓர் அலுவலகத்தில் பதவியைச் சொன்னாலே ஆளைச் சொன்னதாகிவிடும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். சக ஊழியர்கள் படித்ததே அதற்குப் போதும். பொதுநன்மைக்காகச் சொன்ன உண்மை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்துடன் புகார் செய்வதற்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. வாட்ஸ்அப் குழு அந்த இடம் அல்ல.

கையில் ஆதாரம் இருந்தால், பொதுநலத் தகவல் வெளியிடுவோரைக் காக்கும் 2004ஆம் ஆண்டு மத்திய அரசுத் தீர்மானத்தின் கீழ், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு மூடிய உறையில் புகார் அனுப்புங்கள். எந்த வகைப் புகார் என்பது மட்டும் உறைமேல் இருக்கட்டும். பெயரும் முகவரியும் உள்ளே. ஆணையம் உங்கள் அடையாளத்தை ரகசியமாக வைக்கும். மொட்டைக் கடிதாசியை எடுத்துக்கொள்ளாது.

விளக்கம் எழுதுமுன் முழு உரையாடலின் நகலைக் கேளுங்கள். வெட்டியெடுத்த ஸ்கிரீன்ஷாட்டில், யார் என்ன கேட்டதற்கு நீங்கள் அப்படிச் சொன்னீர்கள் என்பது இருக்காது. உங்கள் கைபேசியில் இருப்பதையும் அழிக்காதீர்கள். துறை விசாரணையில் சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது என்பதால், ஸ்கிரீன்ஷாட் போன்ற மின்னணு ஆவணத்துக்கு அந்தச் சட்டம் கேட்கும் சான்றிதழ் இல்லை என்ற வாதத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பத்திரிகை விஷயம்: நிறுவனத்தின் நடத்தை விதிகளைப் பாருங்கள், பெரும்பாலும் முன் அனுமதி கேட்கும். அதை மீறினால் மெமோவில் இன்னொரு குற்றச்சாட்டு ஏறும். நமக்குள் பேசியது என்ற உங்கள் வாதமும் அடிபட்டுப்போகும். கெடு நெருங்கியிருந்தால், அவகாசம் கேட்டு இன்றே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.