மீன் நீந்துவதையும் அதன் நரம்புகளையும் ஆராய்வதால் யாருக்கு என்ன பயன்?

இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவில் தோற்றி, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மருத்துவத்துக்குப் போதாமல், விலங்கியல் படிக்கலாமா என்று வீட்டாரோடு வாதாடிக்கொண்டிருக்கும் ஒருவரே இக்கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்தருள்க. எனக்கு இதே கேள்வி கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையிலேயே வந்தது. மட்டக்களப்பு வாவியில் வலை வீசியே பிள்ளைகளைக் கரைசேர்த்த என் பெரியப்பா, "மீன் நீந்துறதப் பாக்கக் கம்பஸுக்குப் போகணுமா புள்ள? தோணியில ஏறினாக் காணுமே" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தோணியில் ஏறிப் பிழைத்தவரல்லர் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பெரியப்பா பேசியது தெரியாத்தனத்தால் அன்று. மடவை மீனை வலைக்குள் விரட்டுவதற்கு எந்தப் பக்கத்தில் கோலால் நீரை அடிக்க வேண்டும், அடித்தால் மீன் எப்பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்தவை. அந்தத் திரும்பல் மீனின் உடலுக்குள் எவ்வாறு நிகழ்கிறது என்பதே நான் படிக்கப் போன விடயம். மீனின் பின்மூளையில் இடத்தில் ஒன்றும் வலத்தில் ஒன்றுமாக இரண்டு பெரிய நரம்புக் கலங்கள் உள்ளன. அவற்றை 1859இல் விவரித்த லுட்விக் மவுத்னரின் பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் நாரும் மறுபக்கத்துக்குக் குறுக்கே கடந்து, முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாண் வழியே வால்வரை இறங்குகிறது. ஆகவே, வலப்புறம் சத்தம் எழுந்தால் வலக்கலம் தூண்டப்பட்டு, இடப்பக்கத் தசைகள் ஒருசேரச் சுருங்கி, மீன் சில மில்லிசெக்கன்களுக்குள் இடப்புறம் வளைந்து பாய்கிறது.

ஆசிரியையான பின்னர், நுளம்புக் குடம்பிகளைத் தின்பதற்காகக் கிணற்றில் விட்டிருந்த கப்பி மீன் ஒன்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, மேசையில் தட்டி, கைபேசியில் செக்கனுக்கு 240 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்) பதியும் வேகத்தில் மேலிருந்து படமெடுத்தேன். இதை ஆய்வென்று நான் சொல்லவில்லை. கருவியும் கட்டுப்பாடும் இல்லாததற்கு அப்பெயர் பொருந்தாது என்பதை நானும் அறிவேன். ஆனால் ஒரு சட்டத்தில் நேராக நின்ற மீன், அடுத்து வந்தவற்றில் தலையையும் வாலையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்து பிறையாக வளைந்தது. அதன் பின்னரே வாலை உதைத்து முன்னே பாய்ந்தது. பெரியப்பா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில அடிச்சா எங்க திரும்பும்?" என்று கேட்டார். நரம்பியலாளர்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்த வினா அது. ஒரு கலம் முந்திக்கொண்டால், தடுப்பு நரம்புகள் மற்றதை அடக்கிவிடுகின்றன. இல்லையேல் இருபக்கத் தசைகளும் ஒன்றாகச் சுருங்கி, மீன் வளைய முடியாமல் நின்றுவிடும்.

இனி, பயன் என்ன என்பது. முதுகெலும்புள்ள விலங்குகளில், அசைவின் தாளத்தை உருவாக்கும் நரம்பு வலையமைப்புகள் முண்ணாணிலேயே இருக்கின்றன. நம் நடைக்கும் அது பொருந்தும். மனிதனின் முண்ணாணைத் திறந்து பார்க்க இயலாது, வரிக்குதிரை மீனின் குடம்பியோ கண்ணாடிபோல் ஊடுதெரிவது. மெதுவாக நீந்தும்போது முண்ணாணின் அடிப்பகுதியிலுள்ள இயக்க நரம்புக் கலங்களும், வேகம் கூடக்கூட மேலேயுள்ளவையும் வேலையில் இறங்குகின்றன என்பதை 2007இல் வெளியான ஆய்வொன்று அக்குடம்பிகளிலேயே காட்டியது. அதில் பங்கெடுத்த சிகாகோ பல்கலைக்கழக உயிரியலாளர் மெலினா ஹேல், 2013இல் தம் குழுவினருடன், மீனின் மார்புச்செட்டை தள்ளுவதற்கு மட்டுமன்றி, தான் எவ்வளவு, எவ்வளவு விரைவாக வளைகிறது என்பதை நரம்புகள் வழியே உணர்வதற்கும் உரியது என்று வெளியிட்டார். நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்குச் செட்டை பொருத்த முனையும் பொறியியலாளருக்கு இது வேண்டிய செய்தி. வரிக்குதிரை மீன் வெட்டுண்ட முண்ணாணை மீள வளர்த்து மறுபடி நீந்தக்கூடியது. நம்மால் அது முடியாது. அதற்காக, நாளையே விபத்தில் முடங்கியவர் எழுந்து நடப்பார் என்று நான் கதை விடவில்லை.

மருத்துவம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடமாகவே விலங்கியலை நம்மவர்கள் எண்ணுகிறார்கள். கலியாண வீட்டில் ஒருவர் என் அம்மாவிடம் துக்கம் விசாரிப்பதுபோல் "பிள்ளைக்கு மெடிசின் சரிவரல்லயாம்" என்றது இன்றும் எனக்கு ஆறவில்லை. வெளியூரார் வந்தாலோ, பாடுவதாகச் சொல்லப்படும் மீனைத் தவிர எங்கள் வாவியில் வேறெதையும் கேட்பதில்லை.

வீட்டாரிடம் விளக்கம் சொல்லிக் களைப்பதைவிட அந்தப் படத்தை எடுத்துக் காட்டுங்கள். ஆனால் அடுத்தடுத்துத் தட்டாதீர்கள். மீன் சத்தத்துக்குப் பழகித் திரும்புவதை விட்டுவிடும், பார்க்க வந்தவர்கள் உங்களைத்தான் சிரிப்பார்கள். நன்றாக இடைவெளி விட்டுத் தட்டினால் மறுபடியும் வளையும்.