ஆன் ஆர்பரில் பழைய வீடு: கட்டிய ஆண்டையும் வாழ்ந்தவர்களையும் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில், பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு பழைய மரவீடு வாங்கியிருக்கிறோம். வரிப் பதிவில் கட்டிய ஆண்டு 1900 என்று இருக்கிறது. அது சரியா? இங்கே யாரெல்லாம் வாழ்ந்தார்கள் என்று எப்படி அறிவது?

பதில்: அந்த 1900-ஐ அப்படியே நம்ப வேண்டாம். மிகப் பழைய வீடுகளுக்கு மதிப்பீட்டாளர்கள் உத்தேசமாக ஒரு முழு எண்ணைப் போட்டுவிடுவது உண்டு.

பல்கலைக்கழக ஊர் என்பதால் பலரும் நேரே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகமான பென்ட்லி வரலாற்று நூலகத்துக்குப் போகிறார்கள். ஆனால் முதலில் போக வேண்டியது, ஆன் ஆர்பர் அடங்கிய வாஷ்டெனா கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) பத்திரப் பதிவு அலுவலகம். பழைய பத்திரங்களைத் தெரு முகவரி வைத்துத் தேட முடியாது. உங்கள் பத்திரத்தில் உள்ள மனை எண், பிளாக் எண், மனைப்பிரிவின் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு விற்றவரின் பெயரை வாங்கியவர் அட்டவணையில் தேடினால், இதே மனையை அவர் வாங்கிய பத்திரத்தின் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் கிடைக்கும். அந்தப் பத்திரத்தில் விற்றவர் யாரோ, அடுத்து அவரைத் தேடுங்கள். இப்படியே பின்னோக்கிப் போனால் தாய்ப்பத்திரம் வரை எட்டலாம். சங்கிலி அறுந்தால் பெரும்பாலும் வாரிசு உரிமைதான் காரணம்; அப்போது உயில் வழக்குகளைக் கவனிக்கும் புரோபேட் நீதிமன்றக் கோப்பைக் கேளுங்கள். பெண்களின் பெயர் திருமணத்துக்குப் பின் மாறியிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

பத்திரம் நிலத்தைத்தான் சொல்லும், வீட்டைச் சொல்லாது. விலை திடீரென்று பல மடங்கு ஏறிய இடத்திலோ, புதிதாக அடமானம் வைத்த இடத்திலோ வீடு கட்டியிருக்கலாம். அதை உறுதிசெய்ய, தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கட்டடம் கட்டடமாக வரைந்த சான்பார்ன் வரைபடங்கள் உதவும். வழக்கமாக ஒரு அங்குலத்துக்கு 50 அடி என்ற அளவில், மரவீடு மஞ்சளிலும் செங்கல் வீடு இளஞ்சிவப்பிலும் இருக்கும். கறுப்பு வெள்ளை நுண்படத்தில் (மைக்ரோஃபிலிம்) இந்த நிறம் போய்விடும். இன்னொரு சிக்கல்: பழைய தாளின் மேலேயே திருத்தத் துண்டுகளை ஒட்டிப் புதுப்பித்தார்கள். அட்டையில் உள்ள ஆண்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், கடைசித் திருத்தத் தேதியையும் பாருங்கள்.

வீடே வேறிடத்திலிருந்து வந்திருக்கவும் கூடும். வாஷ்டெனா கவுண்டி வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகக் கட்டடம் 1990-ல் வால் தெருவிலிருந்து மெயின் தெருவுக்கு நகர்த்தப்பட்டதுதான். சான்பார்ன் வரைபடத்தின் ஒரு பதிப்பில் காலி மனையாக இருந்த இடத்தில் அடுத்த பதிப்பில் பழைய பாணி வீடு நின்றால் சந்தேகப்படுங்கள்.

உரிமையாளர் வேறு, குடியிருந்தவர் வேறு. கல்லூரி ஊரில் இது இன்னும் அதிகம். குடியிருந்தவரை அறிய, ஊரில் வசித்தவர்களின் பெயரையும் முகவரியையும் அச்சிட்ட நகர டைரக்டரிகளை ஆண்டுவாரியாகப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் உள்ள சுருக்கெழுத்து, அவர் குடும்பத் தலைவரா, அறை எடுத்துத் தங்கியவரா, சாப்பாட்டோடு தங்கியவரா என்று சொல்லும். விளக்கம் முன்பக்கங்களில் இருக்கும். மக்கள்தொகைக் கணக்கில் மாணவர்களைத் தேடி ஏமாறாதீர்கள். 1940 வரை அவர்களைப் பெரும்பாலும் பெற்றோர் வீட்டுக் கணக்கில் சேர்த்தார்கள். படிக்கும் ஊரில் எண்ணியது 1950-ல்தான். பெயர் விவரங்களோடு பொதுமக்கள் பார்வைக்கு இதுவரை திறந்துவிடப்பட்ட கணக்கெடுப்புகளில் கடைசியும் அந்த 1950-தான். 1890 கணக்கேடுகள் 1921 தீவிபத்தால் ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் போயின.

பெயர்கள் கையில் வந்தபின் ஆன் ஆர்பர் மாவட்ட நூலகத்தின் இணையதளத்தில் தேடுங்கள். ஆன் ஆர்பர் நியூஸ் நாளிதழின் பழைய செய்திகளும் படங்களும் அங்கே இலவசம். பென்ட்லிக்குக் கடைசியாகப் போங்கள். அது யாருக்கும் திறந்த இடம், ஆனால் அலமாரியில் நீங்களே எடுக்க முடியாது. இணையத்தில் உள்ள தொகுப்பு விவரப் பட்டியலைப் பார்த்துப் பெட்டி எண்ணைக் குறித்து, முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பென்சில் கொண்டுபோங்கள், பேனா கூடாது. படம் எடுக்கும்போது பெட்டி, கோப்புறை எண்களும் சட்டகத்துக்குள் விழட்டும். அவை இல்லாவிட்டால் அந்தத் தாளை மறுபடி கண்டுபிடிப்பது கடினம்.