திருவருகைக்காலம் என்றால் என்ன? அதை வீட்டில் பிள்ளைகளுடன் எவ்வாறு அனுசரிப்பது?

திருவருகைக்காலம் என்பது நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய செபகாலம்; நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று அது தொடங்குகிறது.

கிறிஸ்துவின் பிறப்பை நினைவுகூர்வதோடு அவர் மீண்டும் வருவார் என்ற நம்பிக்கையும் இதில் அடங்கியிருப்பதால், திருச்சபை கொண்டாட்டத்துக்கு முன்பாகக் காத்திருப்பை வைத்திருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு வயலைக் காட்டியே இதை விளக்கலாம்: மழையை நம்பி விதைத்த பெரும்போக வேளாண்மை மார்கழியில் பச்சையாகவே நிற்கும், அதை எவராலும் அவசரப்படுத்த முடியாது, ஆயினும் வயலைக் கவனிக்காமல் விடவும் முடியாது.

வீட்டுக்கு மிகப் பொருத்தமானது மெழுகுதிரி வளையம் என்பேன்; இலைகளால் அலங்கரித்த வளையத்தில் நான்கு திரிகளை வைத்து, ஞாயிறுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுவதே அது. 1839இல் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர், நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்பதைத் தம் பராமரிப்பிலிருந்த பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதற்காகவே ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தினார். கத்தோலிக்க வீடுகளில் மூன்று ஊதாத் திரிகளும், மூன்றாம் ஞாயிறன்று ஏற்றும் ஓர் இளஞ்சிவப்புத் திரியும் வழக்கம். பைன் இலை தேட வேண்டியதில்லை, முற்றத்துக் குரோட்டன் இலைகளே போதும். மாலையில் மின்விளக்கை அணைத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, பிள்ளைகள் முறைவைத்துத் திரி ஏற்றட்டும். வேதாகமத்தில் எசாயா நூலின் 9ஆம் அதிகாரத்தில் சில வசனங்களை வாசித்து, கர்த்தர் கற்பித்த செபத்தைச் சேர்ந்து சொல்லுங்கள். செபம் நீண்டால் சிறுவர் சலிப்படைவர், ஆகவே ஐந்து நிமிடம் போதும்.

டிசம்பர் 25உடன் நத்தார் முடிந்துவிடுகிறது என்று எண்ணிப் பலர் உடனே குடிலைக் கலைத்துவிடுகின்றனர். உண்மையில் நத்தார்க்காலம் 24ஆம் திகதி மாலையில்தான் தொடங்கி, கத்தோலிக்க வழிபாட்டில் ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீடிக்கிறது.