கையெழுத்துக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் 5 பேரை ஆங்கிலேயர்கள் பிடித்துச் சித்திரவதை செய்தே கொன்றார்களாம். படித்ததும் கண் கலங்கிவிட்டது. மகளின் பேச்சுப் போட்டிக்கு இதை எழுதிக் கொடுக்கலாமா? உண்மைதானே?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

அந்த வரியை எழுதிக் கொடுக்காதீர்கள். 5 பேர் பிடிபட்டது சரி. ஆனால் ஒருவர்கூடச் சிறையில் சாகவில்லை. ஜார்ஜ் வால்டன் 1778 கடைசியில் சவானாவில் காயம்பட்டுச் சிக்கினார். தென் கரோலினாக்காரர்கள் மூவர் 1780இல் சார்ல்ஸ்டன் வீழ்ந்தபோது பிடிபட்டார்கள். நால்வரும் போர்க்கைதிகளாக இருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

ஐந்தாமவர் ரிச்சர்ட் ஸ்டாக்டன். எனக்கு மனசு கனப்பது இவரை நினைத்துத்தான்.

நியூ ஜெர்சியில் உள்ள பிரின்ஸ்டனில் பெரிய வக்கீல். மனைவி ஆனிஸ் கவிதை எழுதுபவர். 1776 நவம்பர் கடைசியில் வாஷிங்டனின் படை நியூ ஜெர்சி வழியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஸ்டாக்டன் குடும்பத்தோடு ஒரு நண்பர் வீட்டில் ஒதுங்கினார். அரசருக்கு விசுவாசமான உள்ளூர்க்காரர்களே ராத்திரியில் வந்து பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு பிரகடனத்தை அச்சிட்டு வெளியிட அமெரிக்கக் குடியேற்றங்களின் பொதுச்சபையான காங்கிரஸ் உத்தரவிட்டதே அடுத்த ஜனவரியில்தான்; அதற்குள் இவர் நியூயார்க் சிறையில் குளிரிலும் பட்டினியிலும் கிடந்தார்.

அரசருக்குக் கீழ்ப்படிவதாக எழுதிக் கொடுத்தால் மன்னிப்பு என்று ஆங்கிலேயத் தளபதி ஹோ அறிவித்திருந்தார். நியூ ஜெர்சியில் ஆயிரக்கணக்கானோர் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டாக்டனும் அதில் கையெழுத்துப் போட்டார் என்று அவருடைய நண்பர் ஜான் விதர்ஸ்பூன் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்.

வீடு திரும்பியபோது மோர்வன் என்ற அவருடைய மாளிகை சூறையாடப்பட்டிருந்தது. அருமையாகச் சேர்த்த நூலகம் போய்விட்டது. 1777 டிசம்பரில் புதிய அரசுக்கு மறுபடி விசுவாசப் பிரமாணம் எடுத்தார். அப்புறம் புற்றுநோய். 1781 பிப்ரவரியில், 50 வயதில் இறந்தார். அமெரிக்காவின் வெற்றியை உறுதி செய்தபடி யார்க்டவுனில் ஆங்கிலேயப் படை சரணடைந்தது அதே வருடம் அக்டோபரில்.

இவரைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1776 ஆகஸ்டில் பிரகடனத்தில் கையெழுத்திட்டபோது தோற்றால் தூக்குமேடை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே போட்டார். நான்கே மாதத்தில், நோஞ்சான் உடம்போடு ஒரு சிறை அறையில், அவரால் முடியவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வாட்ஸ்அப் கதையில் இந்த மனிதருக்கு இடமே இல்லை. அங்கே எல்லோரும் கடைசிவரை அசையாமல் நிற்கிறார்கள்.

விதர்ஸ்பூனையும் சொல்ல வேண்டும். பிரின்ஸ்டன் கல்லூரிக்குத் தலைவராக அவரை அழைக்க ஸ்காட்லாந்துக்கே நேரில் போனவர் ஸ்டாக்டன்தான். 1768இல் விதர்ஸ்பூன் வந்து சேர்ந்தார். இருவரும் நியூ ஜெர்சிக்காக ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள். விதர்ஸ்பூனின் மகன் ஜேம்ஸ் 1777இல் ஜெர்மன்டவுன் சண்டையில் இறந்தான். அந்தக் கையெழுத்துக்கு ஒரு வீடு பிள்ளையைக் கொடுத்தது. இன்னொரு வீட்டில் மனிதர் உடைந்துபோய்த் திரும்பி வந்தார்.

உங்கள் மகளிடம் இந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லுங்கள். ஐந்து நிமிடப் பேச்சுக்கு இதுவே போதும். போட்டி முடிந்ததும் எப்படிப் பேசினாள் என்று எழுதுங்கள்.